வீட்டு வாசல் வரை வராத பாக்கெட்

தஞ்சாவூரில் பெற்றோர் வீட்டின் முன்னறை அலமாரியில் ஒரு சிறு கணினி மூன்று ஆண்டுகளாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. டெபியன் லினக்ஸ் நிறுவப்பட்ட அந்தக் கணினிதான் எங்கள் குடும்பத்தின் சர்வர். அப்பா ஃபிலிம் கேமராவில் எடுத்த படங்களின் ஸ்கேன்கள், அக்கா குழந்தைகளின் காணொளிகள், வீட்டுப் பத்திரங்களின் நகல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நான் பெங்களூரிலும் அக்கா கோவையிலும் வசிப்பதால், வெளியூரிலிருந்து அதைத் திறக்க முடியாவிட்டால் எங்களுக்கு அதனால் பாதிப் பயன்கூட இல்லை. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை அது திறக்கவில்லை. சரிசெய்ய ஒன்பது நாள் ஆயிற்று. அவற்றில் முதல் ஆறு நாள் தவறான இடத்தில் தேடியதிலேயே கழிந்தன.

அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, ரௌட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். “எரியுதுப்பா, டிவியில படம்கூட ஓடுது. போன வாரம் ஒரு தம்பி வந்து பழைய பெட்டியை எடுத்துட்டுப் புதுசு வச்சுட்டுப் போனாரு” என்றார். காரணம் அகப்பட்டுவிட்டதாகவே நினைத்தேன். வெளியிலிருந்து 443ஆம் போர்ட்டுக்கு (பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான எண்ணிட்ட வாசல்) வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பு பழைய ரௌட்டரில்தான் இருந்தது. புதியதில் அதை யாரும் செய்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறி ஊருக்குப் போனேன்.

நினைத்தது சரியாகவே இருந்தது, ஆனால் அது முழு உண்மையாக இல்லை. புதிய ரௌட்டரில் எந்த அமைப்பும் இல்லை; சர்வருக்கு வேறொரு உள் முகவரியும் கிடைத்திருந்தது. சர்வருக்கு ஒரே முகவரி நிலையாகக் கிடைக்கும்படி செய்தேன், போர்ட்டைத் திருப்பிவிட்டேன். வீட்டு வைஃபையில் இருந்தபடி 192.168 என்று தொடங்கும் உள் முகவரியை இட்டால் படங்கள் திறந்தன. சர்வருக்கு நாங்கள் வைத்திருக்கும் இணையப் பெயரை, அதாவது டொமைன் பெயரை, இட்டால் திறக்கவில்லை. இதற்கும் ஒரு விளக்கம் என்னிடம் தயாராக இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வீட்டின் வெளி முகவரிக்கே செல்லும் பாக்கெட்டை (இணையத்தில் தரவு பயணிக்கும் சிறு பொதி) திருப்பி உள்ளே அனுப்பும் வசதி சில ரௌட்டர்களில் இருப்பதில்லை. அதனால், வைஃபையை அணைத்துக் கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து முயன்று பார்த்தால் மட்டுமே அது உண்மையான சோதனையாகும். அப்படியும் பார்த்தேன், திறக்கவில்லை.

அதன் பிறகு நான் செய்தவைதான் தவறு. சர்வரில் தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன், பக்கங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் நிரலின் அமைப்புகளைத் திருத்தினேன், பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழைப் புதுப்பிக்க முயன்று அதிலும் தோற்றேன். சான்றிதழ் புதுப்பிப்பு தோற்றதையே நோயின் காரணமாக எண்ணி அரை நாள் அதன் பின்னால் அலைந்தேன். சான்றிதழ் வழங்கும் அமைப்பான லெட்ஸ் என்கிரிப்ட், 80ஆம் போர்ட் வழியே சரிபார்க்கும் முறையில் வெளியிலிருந்து சர்வரை அடைய முடிந்தால்தான் சான்றிதழ் தரும். ஆகவே அந்தத் தோல்வி நோயின் இன்னொரு அறிகுறி மட்டுமே. பல இடங்களில் ஒரே நேரத்தில் கை வைத்ததால், எதை மாற்றியதால் எது கெட்டது என்பதும் மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன்: வெளியிலிருந்து அனுப்பும் பாக்கெட் எதுவரை வருகிறது? சர்வரில் டிசிபிடம்ப் என்ற கருவியை இயக்கி, 443ஆம் போர்ட்டுக்கு வருபவற்றை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து பத்து முறை தட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. ஃபயர்வால் தடுக்கும் பாக்கெட்டையும் டிசிபிடம்ப் காட்டிவிடும். ஏனெனில் ஃபயர்வாலின் கைக்குப் போகும் முன்பே அது பாக்கெட்டைப் பார்த்துவிடுகிறது. ஆகவே பாக்கெட் சர்வரை வந்தடையவே இல்லை. நான் சர்வரில் செய்த எந்த மாற்றமும் எந்த விளைவையும் தந்திருக்க முடியாது. இதை முதல் நாளே செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சர்வருக்கு முந்தைய கட்டம் ரௌட்டர். அதன் நிலைப் பக்கத்தைத் திறந்து, இணையச் சேவை நிறுவனம் அதற்குக் கொடுத்திருக்கும் வெளி முகவரி என்ன என்று பார்த்தேன். அது 100.78 என்று தொடங்கியது. “என் ஐபி முகவரி என்ன” என்று சொல்லும் தளம் ஒன்றில் பார்த்தபோது அங்கே முற்றிலும் வேறொரு எண் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் போர்ட் ஃபார்வர்டிங்குக்குப் பொருள் உண்டு.

நான் ஏன் இதை முன்பே கவனிக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு, அது பலரையும் ஏமாற்றக்கூடியது. முகவரி மாறும்போதெல்லாம் டொமைன் பெயரைப் புதுப்பிக்கும் டைனமிக் டிஎன்எஸ் நிரல் ஒன்று சர்வரில் ஓடுகிறது. அதுவும் வெளித் தளம் ஒன்றைக் கேட்டுத்தான் முகவரியைத் தெரிந்துகொள்கிறது. எனவே பெயர் காட்டிய எண்ணும் தளம் காட்டிய எண்ணும் ஒத்திருந்தன. பெயரில் குறையில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். ஒப்பிட வேண்டியது அவை இரண்டையும் அல்ல. ரௌட்டரின் பக்கத்தில் இருக்கும் எண்ணை.

100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இணையச் சேவை நிறுவனங்களின் உள் பயன்பாட்டுக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலக அளவில் பிரித்துக் கொடுக்க வைத்திருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்புக்கு இதனால் தடையில்லை. அம்மாவின் டிவி ஓடியது அதனால்தான். வெளியிலிருந்து புதிதாக வரும் இணைப்போ, அந்தப் பொது முகவரியின் பின்னால் இருக்கும் வீடுகளில் எந்த வீட்டுக்குரியது என்று தெரியாமல் நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடுகிறது. பெட்டியை மாற்றிய அதே வாரத்தில் எங்கள் இணைப்பையும் இந்த முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பயனருக்குச் சொல்ல வேண்டிய மாற்றம் இது என்றே கருதுகிறேன்.

நிறுவனத்தைக் கேட்டபோது, நிலையான பொது முகவரியை மாதக் கட்டணத்துக்கு வாங்கலாம் என்றார்கள். ஆனால் வீட்டு இணைப்புக்குத் தருவதில்லையாம். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாக நேரடியாக வர முடிந்தது. ரௌட்டரில் அதற்குத் தனி ஃபயர்வால் அனுமதி கொடுத்ததும் கைபேசியிலிருந்து படங்கள் திறந்தன. ஆனால் என் அலுவலக வலையமைப்பில் ஐபிவி4 மட்டுமே இருக்கிறது. வெளிச் சேவை ஒன்றின் வழியே சர்வரை அடையும் கிளவுட்ஃப்ளேர் டனல் எளிது; ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் ஒரு முறை ஏற்றும் கோப்பு 100 எம்பிக்கு மேல் போக முடியாது, அக்கா அனுப்பும் காணொளிகளுக்கு அது போதாது. நம் கருவிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் நல்ல தீர்வு, புதியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். (அதுவும் தன் கருவிகளுக்கு 100 என்று தொடங்கும் அதே வரிசையிலிருந்துதான் முகவரி கொடுக்கிறது, சர்வரில் அதைப் பார்த்துவிட்டு சிஜிநாட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ரௌட்டரின் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.) நான் தேர்ந்தது, பொது முகவரி உள்ள ஒரு சிறிய விபிஎஸ்ஸை (தரவு மையத்தில் ஓடும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து, வீட்டு சர்வர், எங்கள் கைபேசிகள், மடிக்கணினிகள் எல்லாம் வயர்கார்டு என்ற மறையாக்கப்பட்ட டனல் மூலம் அங்கே வந்து சேரும்படி அமைப்பதை. வீட்டு சர்வர் தானே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்துவதால் சிஜிநாட் குறுக்கே நிற்பதில்லை. ஐபிவி6 அனுமதியைத் தவிர இணைய உலகுக்குத் திறந்த போர்ட் எதுவும் வீட்டில் இல்லாமல் போனது எனக்குப் பெரும் நிம்மதி.

வயர்கார்டு பேச எதுவும் இல்லாவிட்டால் மௌனமாக இருந்துவிடும். நடுவில் இருக்கும் ரௌட்டர் சிறிது நேரத்தில் அந்த இணைப்பை மறந்துவிடும். பிறகு வெளியிலிருந்து வீட்டு சர்வரை எழுப்ப வழியில்லை. 25 நொடிக்கு ஒரு முறை சிறு பாக்கெட் அனுப்பும் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் அமைப்பை வீட்டுப் பக்கத்தில் இட்டுவிட்டே பெங்களூருக்குத் திரும்பினேன்.

திரும்பிய பின் வந்த சிக்கல்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் மூலம் சர்வருக்குள் நுழைய முடிந்தது, கட்டளைகளும் ஓடின. ஆனால் நீளமான கோப்புப் பட்டியல் ஒன்றைக் கேட்டதும் திரை உறைந்தது. படப் பக்கம் பாதியில் நின்றது. சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, பெரியவை போகவில்லை என்றால் எம்டியூ என்ற, பாக்கெட்டின் அதிகபட்ச அளவைத்தான் சந்தேகிக்க வேண்டும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு டனலுக்குள் பல அளவுகளில் பிங் என்ற சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்த்தேன். 1412 பைட் போனது, 1420 போகவில்லை.

அந்த 8 பைட் எங்கிருந்து வந்தது என்பதைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். ஐபிவி6 வழியே போகும்போது வயர்கார்டு தன் உறைகளுக்கு 80 பைட் எடுத்துக்கொள்கிறது. அதைக் கழித்து 1420 என்று தானாகவே வைத்துக்கொள்கிறது. ஆனால் வீட்டு இணைப்பு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் பிபிபிஓஈ முறையில் இயங்குகிறது, அதற்கு 8 பைட் தேவை. ரௌட்டருக்கு வெளியே 1492 வரைதான் இடம். சர்வருக்கு ரௌட்டர் வரை 1500 தெரிவதால் இதை அது அறியவில்லை. பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று ரௌட்டர் அனுப்ப வேண்டிய அறிவிப்பும் வந்து சேரவில்லை. கைபேசி வலையமைப்புகளையும் மனத்தில் கொண்டு எல்லா முனைகளிலும் எம்டியூவை 1380 என்று வைத்தேன். அப்பா 1980களில் பெரிய கோயில் வாசலில் எடுத்த படம் முழு அளவில் திரையில் விரிந்தது.

ஒன்று மட்டும் மீதமிருந்தது. இரண்டு நாள் கழித்து ஊரில் மின்சாரம் போய் வந்தபோது டனல் மீண்டும் எழவில்லை. சர்வர் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது, ரௌட்டருக்கு மூன்று நிமிடம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் விபிஎஸ்ஸின் பெயருக்கு முகவரி கிடைக்காமல் வயர்கார்டு தொடங்குவதையே கைவிட்டிருந்தது. கைபேசி வழியே ஐபிவி6 மூலம் நேரடியாக நுழைந்து, பெயருக்குப் பதிலாக விபிஎஸ்ஸின் எண் முகவரியையே அமைப்புக் கோப்பில் எழுதினேன். மறுநாள் மாலை அம்மாவிடம் சொல்லி ரௌட்டர், சர்வர் இரண்டின் சுவிட்சுகளையும் ஒரே நேரத்தில் அணைத்துப் போடச் சொன்னேன். நான்காவது நிமிடத்தில் சர்வர் பதில் சொன்னது.