பழைய கைச்சுற்று ரோஸ்டரும் புதிய மின் ரோஸ்டரும்: ஒரே கொட்டையை இரண்டிலும் வறுத்துப் பார்த்தது

வீட்டில் காப்பிக்கொட்டை வறுக்க ஆரம்பிக்கிற பலரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். அந்தக் காலத்து இரும்பு உருளையைத் தேடிப் பிடிப்பதா, பட்டனைத் தட்டினால் ஓடுகிற புதிய இயந்திரத்தை வாங்குவதா? இப்போது என்னிடம் இரண்டும் இருக்கின்றன. பழையது, மரப்பிடி போட்ட இரும்புத் தகட்டு உருளை. அடுப்பின் மேல் வைத்துக் கையால் சுற்ற வேண்டும். புதியது, சூடான காற்றை ஊதிக் கொட்டையை மிதக்க வைத்து வறுக்கிற சின்ன மின் ரோஸ்டர். ஒரே மூட்டைப் பச்சைக் கொட்டையை மாற்றி மாற்றி இரண்டிலும் வறுத்து, எடை, நேரம், சுவை மூன்றையும் நோட்டில் குறித்து வருகிறேன். இதுவரை பிடிபட்டதைச் சொல்கிறேன்.

பழையது கைக்கு வந்ததும் ஆசைப்பட்டு உடனே கொட்டையைப் போட்டுவிடக் கூடாது. முதலில் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். துருவைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் மேலோட்டமான துரு கம்பி பிரஷுக்கு அடங்கிவிடும். அப்புறம் மெல்லிசாக எண்ணெய் தடவிச் சில தடவை அடுப்பில் காயவைத்தால் இரும்பு பழகிவிடும். பயப்பட வேண்டியது தகடுகளை ஒட்டியிருக்கும் ஈயப்பற்றைப் பார்த்துத்தான். காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். காப்பிக்கொட்டை முதல் முறை வெடிப்பதே சுமார் 196 டிகிரியில்தான். அப்படியென்றால் கொட்டை குடிக்கத் தகுந்த நிலைக்கு வருவதற்கு முன்பே பற்று இளகிவிடும், அதிலுள்ள காரீயம் கொட்டையோடு சேரும். உள்பக்கம் வெள்ளீயம் பூசியிருந்தாலும் சிக்கல்தான். அது 232 டிகிரியில் உருகும், கரும் வறுவலுக்குப் போகும்போது உருளையின் சுவர் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். துத்தநாகப் பூச்சு உள்ளதையும், பழைய பெயின்ட் உரிகிறதையும், பிடிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் நார் நாராக அட்டை வைத்திருப்பதையும் அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், வறுக்கக் கூடாது. அந்த அட்டை கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு உண்டு, சுரண்டிப் பார்க்கவே வேண்டாம். என்னுடையது தகட்டை மடித்து ரிவெட் அடித்தது, பற்று எங்கும் இல்லை. இருந்தாலும் காரீயம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைக் குச்சியால் இணைப்புகளைத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றினேன். பழைய ரோஸ்டர் வாங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சுவை, அழகு எல்லாம் அப்புறம்.

சரி, வறுவலுக்கு வருவோம். இரும்பு உருளையில் 150 கிராம் போட்டு, வினாடிக்கு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறேன். அதைவிட மெதுவாகப் போனால் கொட்டை ஒரே பக்கமாகச் சுவரில் கிடந்து, தட்டையான முகத்தில் கறுப்புப் பொட்டு விழுகிறது. பச்சைக் கொட்டையில் எடைக்கு 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். முதல் சில நிமிடங்கள் அந்த ஈரம் போவதிலேயே கழியும். உருளைக்குள் கொட்டை விழும் சத்தம் அப்போது கனமாக, மழுங்கலாக இருக்கும். பச்சைப்புல் வாசனை போய் வைக்கோல் வாசனை வரும்போது நிறம் மஞ்சளாகும். அதன் பிறகு ரொட்டி சுடும் வாசனை. சத்தமும் அப்போது மாறுகிறது. கொட்டை காய்ந்து லேசாகி, தகட்டில் படும்போது சலசலவென்று கேட்கும். பிறகு முதல் வெடிப்பு: உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் கொட்டையைப் பிளந்துகொண்டு வரும் சத்தம். சோளப்பொரி வெடிப்பதைப் போலத் தெளிவாக, ஒன்றொன்றாகத் தொடங்கிக் கூட்டமாக வரும்.

இந்தச் சத்தத்தில்தான் பழைய உருளை என்னை அசத்தியது. மின்விசிறி இல்லை, மோட்டார் இல்லை. எது வெடிக்கிறது, எவ்வளவு வேகமாக வெடிக்கிறது, எப்போது ஓய்கிறது என்பதெல்லாம் காதில் அப்படியே விழுகிறது. கொட்டையின் குரலை இதில் கேட்டுப் பழகிய பிறகுதான் மின் ரோஸ்டரின் இரைச்சலுக்குள் அதே வெடிப்பைப் பிரித்துக் கேட்க என்னால் முடிந்தது. சூட்டை அளப்பது மட்டும் பெரும்பாடு. சுற்றுகிற உருளைக்குள் சூட்டை அளக்கும் கம்பியை (தெர்மோகப்புள்) செருக வழியில்லை. தூரத்திலிருந்து காட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, பளபளக்கும் உலோகத்தில் குறைத்துக் காட்டும். கருகிக் கறுத்த தகட்டில் ஓரளவு நம்பலாம். அதனால் உருளையின் கறுத்த பகுதியில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, கொட்டையைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அங்கேயே அளக்கிறேன். கொட்டையின் சூடு அதில் தெரியாது. தொடக்கப் புள்ளி ஒரே மாதிரி அமைகிறது, அதுவே பெரிய உதவி. இல்லையென்றால் அடுத்தடுத்து வறுக்கும்போது இரண்டாவது வறுவல் எப்போதும் முதலாவதை முந்திக்கொண்டு ஓடும், இரும்பு சூட்டை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது.

பழையதின் உண்மையான பலவீனம் கொட்டையை வெளியே எடுப்பதில் இருக்கிறது. உருளையை அடுப்பிலிருந்து தூக்கி, சின்னக் கதவின் கொக்கியைத் தள்ளி, குலுக்கிக் குலுக்கிக் கொட்ட வேண்டும். அந்த நேரத்திலும் இரும்பு வறுத்துக்கொண்டேதான் இருக்கும். பெரிய வறுவல்காரர்களுக்கும் இதே தலைவலிதான் இருந்தது. 1846-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கார்ட்டர் காப்புரிமை பெற்ற உருளையை, கொட்டையை எடுப்பதற்காக அடுப்பிலிருந்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. 1864-ல் ஜபேஸ் பர்ன்ஸ் கொண்டுவந்த இயந்திரத்தில் உள்ளே திருகு போன்ற தகடுகள். அவை கொட்டையை முன்னும் பின்னும் சீராகத் தள்ளும், கதவைத் திறந்தால் உருளை நெருப்பின் மேல் இருக்கும்போதே கொட்டை தானாக வெளியே வந்துவிடும். வீட்டு உருளைகளுக்கு அந்த வசதி வரவே இல்லை. அதே 1860-களில் ஆர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கொட்டையைப் பையில் போட்டு விற்கத் தொடங்க, அமெரிக்க வீடுகளில் வறுக்கும் பழக்கமே மெல்லக் குறைந்துபோனது. அதனால் பழைய வீட்டு உருளையில் வறுக்கிறவர் இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். வேண்டிய நிறத்துக்குக் கொஞ்சம் முன்பே அடுப்பிலிருந்து தூக்கிவிடுகிறேன். இரண்டு உலோக வடிதட்டுகளுக்கு இடையே மாற்றி மாற்றிக் கொட்டி, எதிரே மேசை விசிறியை ஓடவிட்டால் நான்கு நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடுகிறது.

மின் ரோஸ்டர் வேறு குணம். காற்றில் மிதக்கவிட்டு வறுக்கும் முறையைப் பரப்பியவர் மைக்கேல் சிவெட்ஸ் என்ற வேதிப் பொறியாளர், 1976-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஃப்ரெஷ்ரோஸ்ட் போன்ற சின்ன இயந்திரங்களும் அதே கொள்கையில்தான் ஓடுகின்றன. பக்கவாட்டில் காற்று வரும் துளையுள்ள பழைய பாப்கார்ன் இயந்திரத்தை வைத்து வறுக்கிறவர்கள் செய்வதும் இதுவே. தொடக்கத்தில் கொட்டை கனமாக இருப்பதால் விசிறியை முழு வேகத்தில் வைக்க வேண்டும். ஈரம் போய்க் கொட்டை உப்பி லேசானதும் வேகத்தைக் குறைக்கலாம். இதில் புதியவர்கள் பலருக்கும் குழப்பம் வருகிற இடம் ஒன்று உண்டு. விசிறியைக் குறைத்தால் சூடு கூடும். ஹீட்டரைக் கடக்கும் காற்று மெதுவாகப் போவதால் அதிகமாகச் சூடேறிப் போகிறது. அதேபோலத் திரையில் தெரியும் எண்ணையும் கொட்டையின் வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்சார் இருக்கும் இடத்தில் உள்ள காற்றின் சூடு அது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே மாதிரி காட்டுகிறது. நேற்று செய்ததில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி இன்று செய்து பார்க்க முடிகிறது. பழைய உருளையில் அதற்கு வாய்ப்பே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. 150 கிராம் இரும்பில் 14 நிமிடம், 150 கிராம் காற்றில் 8 நிமிடம். இரண்டும் 128 கிராமாக வெளியே வந்தன, கிட்டத்தட்ட 15 சதவீத இழப்பு. பொடித்துப் பார்த்தால் நிறமும் ஒன்றுபோலத்தான். சுவையில் மட்டும் சம்பந்தமே இல்லை! காற்றில் வறுத்ததில் பழப் புளிப்பும் மணமும் தூக்கலாகவும், வாயில் சுத்தமாகவும் இருந்தது. இரும்பில் வறுத்ததில் புளிப்பு அடங்கி, கனமும் லேசான புகைவாசமும் ஏறியிருந்தது.

காரணம் ரோஸ்டரின் வயது என்று நான் நினைக்கவில்லை. முதலாவது, இரும்பில் சூடு தகட்டைத் தொட்டும் ஏறுகிறது, மொத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. இரண்டாவது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: தோல். வறுக்கும்போது உரியும் வெள்ளித்தோலை மின் ரோஸ்டரில் காற்று அப்போதைக்கப்போதே மேலே தூக்கிப் பிரித்துவிடுகிறது. மூடிய உருளையில் அது உள்ளேயே கிடந்து கருகி, அந்தப் புகை மறுபடி கொட்டையின் மேலேயே படிகிறது. இதைச் சோதிக்க, நிறம் மஞ்சளைத் தாண்டிய பிறகு உருளையின் கதவைச் சில முறை திறந்து ஊதித் தோலை வெளியேற்றினேன். சூடு கொஞ்சம் இறங்கத்தான் செய்தது, தீயைக் கூட்டி ஈடுகட்டினேன். அந்த வறுவலில் புகைவாசம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, கனம் மட்டும் அப்படியே நின்றது. எனக்கு இப்போது மிகவும் பிடித்த வறுவல் அதுதான்.

அதனால் என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்கிறவரிடம் ரோஸ்டர் எந்த ஆண்டுடையது என்று நான் கேட்பதில்லை. கேட்பது இவற்றைத்தான். தோலும் புகையும் எந்த வழியாகப் போகின்றன? சூட்டைக் குறைத்தால் எவ்வளவு நேரத்தில் கொட்டைக்கு அது உறைக்கிறது? வறுவலை எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடிகிறது? புதியதிலும் எல்லாம் சரியாக இருப்பதில்லை. பெஹ்மோர், ஜீன் கஃபே போன்ற மின் ரோஸ்டர்களில் வறுத்த டிரம்முக்குள்ளேயே கொட்டை குளிர்கிறது. அங்கேயும் பழைய உருளையைப் போல வறுவல் கொஞ்ச தூரம் தானாக ஓடும். ஐலியோ புல்லட், ஹாட்டாப் போன்றவற்றில் குளிர்விக்கத் தனித் தட்டு இருக்கிறது, அந்தக் கவலை குறைவு. ஜீன் கஃபேயில் கண்ணாடி அறை வழியாக நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அது பெரிய வசதி.

இள வறுவல் பிடிக்கும், ஒரு நல்ல வறுவல் அமைந்தால் அதை மறுபடி அப்படியே எடுக்க வேண்டும் என்பவர் தயங்காமல் காற்று ரோஸ்டர் வாங்கலாம். கனமான, புளிப்பு அடங்கிய காப்பி வேண்டும், பக்கத்திலேயே நின்று சுற்ற நேரமும் மனமும் இருக்கிறது, திறந்த இடமும் இருக்கிறது என்றால் பழைய உருளை தருவதை என் காற்று ரோஸ்டரில் என்னால் எடுக்க முடியவில்லை. இரண்டாம் வெடிப்பு வரை போகும் கரும் வறுவலுக்கு நான் உருளையைத்தான் எடுக்கிறேன், வீட்டுக்கு வெளியே வைத்து. சுமார் 225 டிகிரியைத் தாண்டிய அந்தக் கட்டத்தில் புகை அடர்த்தியாக வரும், எண்ணெய் கசியத் தொடங்கும், உதிர்ந்த தோல் தீப்பிடிக்கவும் கூடும். எந்த ரோஸ்டரானாலும் அந்த நிமிடங்களில் அதை விட்டு நகரக் கூடாது. மின் ரோஸ்டருக்குள் தீ பிடித்தால் மூடியைத் திறக்காமல் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், திறந்தால் காற்று புகுந்து தீ வளரும்.

வறுத்த பிறகு காத்திருக்கும் நேரமும் இரண்டுக்கும் வேறு. கருமையாக வறுத்தது கரியமில வாயுவைச் சீக்கிரம் விட்டுவிடுகிறது, மூன்றாம் நாளே நன்றாக இருக்கிறது. காற்றில் இளசாக வறுத்ததை ஒரு வாரம் விட்டுக் குடித்தால்தான் மணம் திறக்கிறது. இது தெரியாமல் இரண்டையும் ஒரே நாளில் குடித்து ஒப்பிடுவது காற்று ரோஸ்டருக்குச் செய்யும் அநியாயம். அதனால் இப்போது முதலில் காற்றில் வறுத்துவிட்டு, நான்கு நாள் கழித்து இரும்பில் வறுக்கிறேன், இரண்டும் ஒரே நாளில் கோப்பைக்கு வரும்படி. அடுத்து, மின் ரோஸ்டரில் சூட்டைக் குறைத்து வறுவலை 11 நிமிடத்துக்கு நீட்டிப் பார்க்கப் போகிறேன். இரும்பின் கனம் நேரத்தால் வருகிறதா, தகட்டைத் தொடுவதால் வருகிறதா என்று அதில் கொஞ்சம் பிரித்துத் தெரிந்துகொள்ளலாம்.