தலை முதல் குதிகால் வரை

குழந்தைகளுக்குத் தரும் மருந்து அனேகமாக எல்லாமே எடைக்கணக்கில்தான் அளக்கப்படுகிறது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால், இதயம் நின்றுபோனபோது செலுத்தும் அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஆனால், வலிப்பில் துடிக்கும் குழந்தையை எடை மெஷினில் கிடத்த முடியாது. அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், வயதோடு 4-ஐக் கூட்டி 2-ஆல் பெருக்கி எடையை ஊகிக்கும் பழைய சூத்திரத்தையே நானும் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் இரவு, பக்கத்து வீட்டார் வலிப்பு வந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மூன்று வயது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. சூத்திரப்படி 14 கிலோ. மருந்தை ஊசியில் ஏற்றப்போன என்னை நிறுத்திய மூத்த செவிலியர், "நாடாவைப் போடும்மா" என்றார். உடல் நீளத்தைக் கொண்டு எடையைக் காட்டும் அந்த வண்ணப் பட்டை நாடா, 1980-களில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் புரோஸ்லோ உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. சிவப்பு முனையை உச்சந்தலையில் பொருத்தி, முழங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தைச் செங்குத்தாக நிறுத்திக் குதிகாலில் பார்க்க வேண்டும். பதற்றத்தில் நான் கால்விரல் நுனியில் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குதிகாலுக்கு நகர்த்தினார். நீளம் 86 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 12 கிலோ.

குழந்தையின் கை குச்சியாக இருந்ததைப் பார்த்த அவர், தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே, சதையை அழுத்தாமல் டேப்பைச் சுற்றினார். 13.5 சென்டிமீட்டர். அதிலிருந்து 10-ஐக் கழித்து 3-ஆல் பெருக்கினால் 10.5 கிலோ. வலிப்பு அடங்கிய பின் மெஷினில் வைத்தபோது 10.8 கிலோ காட்டியது. வயதை மட்டும் நம்பியிருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மருந்து கூடுதலாகப் போயிருக்கும் என்று அப்போது உறைத்தது. வலிப்பு மருந்து அதிகமானால் மூச்சே தடைப்படலாம்.

அதற்காகக் கையளவே போதும் என்று நான் எண்ணிவிடவில்லை. அந்தக் கையளவுச் சூத்திரம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. சுற்றளவில் அரை சென்டிமீட்டர் பிசகினாலே எடையில் ஒன்றரைக் கிலோ மாறிவிடும். நீளமோ, மெலிந்த பிள்ளையையும் பருத்த பிள்ளையையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஆகவே, நீளத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, உடல்வாகைக் கண்ணாலும் கையாலும் பார்த்துத் திருத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அண்மையில் எடை பார்த்த தாய் உடனிருந்தால், அவர் சொல்லும் எண்ணை முதலில் கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் அது எங்கள் கணக்குகளைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது.

இப்போது கேஸ் ஷீட்டில் எடையை மட்டும் எழுதிவிட்டு நகர்வதில்லை. தாய் சொன்னதா, நாடாவில் பார்த்ததா, மெஷினில் நிறுத்ததா என்று பக்கத்திலேயே குறித்துவிடுகிறேன். குழந்தை சற்றுத் தேறியதும் மெஷினில் வைத்து, பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்துப் புதியதை எழுதி, அடுத்த டோஸை அதைக் கொண்டே கணக்கிடுகிறேன்.