ஒன்பது வெற்றி போதாதா?

2014-ல் வேலைக்காக நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்துக்கு வந்த மூன்றாவது மாதம், நவம்பர் கடைசி ஞாயிறன்று, உள்ளூர்ப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பயிற்சியாளர் போ பெலினியை நீக்கிவிட்டார்கள். (ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிமோதுகிற அமெரிக்க ஆட்டம்.) அந்த சீசனில் அதுவரை ஆடிய பன்னிரண்டில் ஒன்பதை ஜெயித்திருந்த அணி அது. மறுநாள் காபி எடுக்கப் போன இடத்தில், ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஒன்பது ஜெயிச்சும் ஏன் அனுப்பிட்டாங்க?" என்று கேட்டுவைத்தேன். டீம் லீட் முகம் சுருங்கிவிட்டது. "ஒன்பதா? இது நெப்ராஸ்கா" என்றார்.

அவர் 1994-லிருந்து 97 வரை அங்கேயே படித்தவர். அந்த நான்கு சீசனில் அணி தோற்றது மொத்தமே இரண்டு ஆட்டம், தேசிய சாம்பியன் பட்டம் மூன்று. இருபது வயதில் அதைப் பார்த்தவருக்குத் தோல்வி என்பது ஏதோ நிர்வாகக் கோளாறு, ஆளை மாற்றினால் சரியாகிவிடும். 97 அணியின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஸ்காட் ஃப்ராஸ்டே பயிற்சியாளராகத் திரும்பி வந்தபோது ஒரு வாரம் அணியின் சிவப்புச் சட்டையிலேயே ஆபீஸ் வந்தார் டீம் லீட். 2021-ல் பன்னிரண்டில் ஒன்பது தோல்வி, ஒன்பதும் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில். அந்தத் திங்கட்கிழமைகளில் அவரிடம் ஆட்டத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கமாட்டோம். அடுத்த செப்டம்பரில் ஃப்ராஸ்டும் போனார்.

எங்கள் மேனேஜர் டீம் லீடைவிட இருபது வயது மூத்தவர், 1970, 71 பட்டங்களைப் பள்ளிப் பையனாகப் பார்த்தவர், இவர் இன்னும் அதிகமாகப் புலம்புவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. 97 வரை பயிற்சியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன் இருபத்தைந்து சீசனில் ஒருமுறைகூட ஒன்பது வெற்றிக்குக் கீழே போகாதவர் என்று ஊரே பெருமை பேசும், ஆனால் அதே ஆஸ்போர்ன் ஆரம்பத்தில் பரம எதிரியான ஓக்லஹோமா அணியிடம் வரிசையாக ஐந்து வருஷம் தோற்றதும், முதல் பட்டத்துக்கு இருபத்திரண்டாவது சீசன்வரை காத்திருந்ததும் இவருக்கு ஞாபகம் இருக்கிறது. "அவரையும் அப்ப திட்டினோம்" என்பார் சிரித்துக்கொண்டே. உச்சத்தை மட்டும் பார்த்தவர்தான் ரொம்ப அடிபட்டவர் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். அப்பாவிடம் போனில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன், "நம்ம வெஸ்ட் இண்டீஸ் மாதிரின்னு சொல்லு" என்று முடித்துவிட்டார்.

2023-ல் சேர்ந்த பெண் இந்த மாநிலத்துக்காரிதான், ஆனால் சில வருஷமாகவே ஃபுட்பால் அணி தோற்றுக்கொண்டேதான் இருந்தது. அந்த ஆண்டோடு ஏழு சீசன் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வி அதிகம். அதற்காக அவள் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. அவளுக்கு நெப்ராஸ்கா என்றால் பெண்கள் வாலிபால். ஆகஸ்ட் 30 அன்று அதே ஃபுட்பால் மைதானத்தில் வாலிபால் ஆட, 92,003 பேர் கூடியிருந்தார்கள், அதில் இவளும் ஒருத்தி. 1962-லிருந்து ஃபுட்பாலுக்கு ஒரு டிக்கெட் மிச்சமில்லாமல் விற்றுவரும் மைதானம் அது, தோற்றாலும் சரி.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் நான்தான் கேட்டேன், நெப்ராஸ்கா கடைசியாக எப்போது பட்டம் ஜெயித்தது என்று. "2017" என்றாள் அவள். "97" என்றார் டீம் லீட், அதே நொடியில். அவள் வாலிபாலைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மேனேஜர் தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை.