ஜிபிஓ-வில் ஒரு டீம் அவுட்டிங்

எங்கள் வேலை தொடுதிரைகளை வடிவமைப்பது. பேங்க் வாசலில், ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுக்க நிற்கும் திரைகள் மாதிரி. அதனால் டீம் அவுட்டிங் என்று அயர்லாந்தின் டப்ளினில், ஓ'கானல் தெரு ஜிபிஓ (பெரிய தபால் நிலையம்) அருங்காட்சியகத்துக்குப் போனபோது பாதிப் பேர் வரலாற்றைப் பார்க்கவில்லை, பட்டன் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தோம். தொழில் புத்தி, என்ன செய்ய!

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமையகமாக இருந்த தபால் நிலையம் அது. ஏப்ரல் 24 அன்று எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் அதன் முன்னால் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். வெள்ளிக்கிழமை கட்டடம் எரிய, கிளர்ச்சியாளர்கள் வெளியேறி, சனிக்கிழமை சரணடைந்தார்கள்.

உள்ளே நாமே மோர்ஸ் தந்தி தட்டலாம், செய்தித்தாளுக்குச் செய்தி தயாரிக்கலாம். மோர்ஸ் ஜோர், கையில் வேலை இருப்பதால் ஆட்கள் நின்று செய்கிறார்கள். சாதாரணத் திரைகளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், நாங்கள் செய்யும் திரைகளுக்கும் அதே கதிதான். எழுச்சியில் செத்த 485 பேரில் பாதிக்கு மேல் பொதுமக்கள். குழந்தைகள் 40 பேருக்கு முற்றத்தில் 40 கற்கள் வைத்திருக்கிறார்கள். அங்கே திரை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நான் அதிக நேரம் நின்றது பிரகடனத்தின் அசல் பிரதி முன்னால். வாசிப்பதற்கு முந்தின நாள் லிபர்ட்டி ஹால் என்ற தொழிற்சங்கக் கட்டடத்தில், பழைய மெஷினில், அவசரமாக அச்சடித்தது. அச்சுக் கோர்க்கிற ஈய எழுத்து போதவில்லை, அதனால் மேல் பாதியை அடித்துவிட்டு, அந்த எழுத்துகளையே கலைத்துக் கோர்த்து, அதே தாளில் கீழ் பாதியை அடித்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சில ஆங்கில 'e' எழுத்துகள் மட்டும் வேறு வகையில் இருக்கும். இருந்த எழுத்து தீர்ந்துபோய் வேறு ஃபான்ட்டிலிருந்து எடுத்துப் போட்டது. இன்றைக்கு எங்கள் டிசைன் ரிவ்யூவில் இது பாஸ் ஆகவே ஆகாது. ஆனால் கையெழுத்துப் போட்ட ஏழு பேரையும் அடுத்த மாதமே சுட்டுக் கொன்றார்கள் என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அந்த ஒட்டுப்போட்ட எழுத்துகளில் தெரிகிற அவசரத்தை எந்த அனிமேஷனாலும் காட்ட முடியாது.

சாப்பிடும்போது டீமில் ஒருத்தி, அந்த 'e'-யைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு திரை வேண்டும், பாதிப் பேர் கவனிக்காமலே போகிறார்கள் என்றாள். வேண்டாம், பக்கத்தில் இரண்டு வரி எழுதி ஒரு பூதக்கண்ணாடி வைத்தால் போதும் என்றேன். குனிய முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். அது சரியான கேள்விதான்.