சுரங்கக் குழி ஏரிகளும் சுண்ணாம்பும்

குமரி மாவட்டத்தில் நிலக்கரி கிடையாது. ஆயினும், விளவங்கோட்டுப் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரி தோண்டிய குழிகள் ஏரிகளாக மாறியதைப் பற்றிப் படிக்கும்போது மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. நமது கருங்கல் குழிகளின் நீர் வேறு, அந்த நீர் வேறு. அங்குள்ள பல ஏரிகளின் பி.எச். (அமிலத்தைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அது குறையக் குறைய அமிலம் கூடும்) 3 அளவுக்குத் தாழ்ந்திருந்தது. நடுநிலை நீரைவிடப் பத்தாயிரம் மடங்கு அமிலத்தன்மை அது. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் அதில் மீன் வாழாது.

நிலக்கரியை ஒட்டிய மண் அடுக்குகளில் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு இருக்கிறது. சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்து மண்ணைப் புரட்டும்போது அதில் காற்றுப்பட்டு, நுண்ணுயிர்கள் விரைவுபடுத்த, கந்தக அமிலமும் கரையும் இரும்பும் உண்டாகின்றன. சுரங்கத்தை மூடியபின் நிலத்தடி நீர் மீண்டும் ஏறும்போது இவையெல்லாம் குழிக்குள் வந்து சேர்கின்றன.

1990-இல் ஜெர்மனி ஒன்றிணைந்தபின் அப்பகுதியின் சுரங்கங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. அந்தக் குழிகளை ஸ்ப்ரே, நைசே முதலிய ஆறுகளின் நீரால் விரைந்து நிரப்பியதே சிறந்த முடிவு என்பது என் எண்ணம். ஏனெனில் ஏரியின் மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீரைவிட உயர்ந்திருக்கும்வரை அமில நீர் உள்ளே வருவது குறைகிறது, மூழ்கிய பைரைட்டுக்கும் காற்று கிடைப்பதில்லை. ஆற்று நீர் போதாத இடங்களில் சுண்ணாம்பைக் கப்பல்களிலிருந்து நீரில் கலக்கிறார்கள். கரைந்துள்ள இரும்பும் அலுமினியமும் படிந்து தீரும்வரை முதலில் இடும் சுண்ணாம்பு பி.எச். அளவைப் பெரிதாக உயர்த்துவதில்லை. புளித்த செம்மண் ஏலாவில் (வயலில்) சுண்ணாம்பு இடும் நம் விவசாயிக்கு, ஒருமுறை இட்டதோடு வேலை முடியாது என்பது தெரியும். ஏரியிலும் கரையோர மண்ணிலிருந்து அமிலம் தொடர்ந்து கசிவதால் மீண்டும் மீண்டும் இட வேண்டியிருக்கிறது.

அமிலம் தணிந்தாலும், கந்தக அமிலத்திலிருந்து வரும் சல்பேட் என்னும் கரைபொருள் பெரும்பகுதி நீரிலேயே தங்குகிறது. ஸ்ப்ரே ஆற்றில் கலக்கும் அது பெர்லினின் குடிநீருக்கே கவலையாகிறது; இரும்பு படிந்து ஆறும் பழுப்பாகிறது.

இந்தச் செலவைப் பெரும்பாலும் அந்நாட்டு அரசே ஏற்கிறது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டில் வந்து, பின்னர் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்களின்படி, நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதற்கான தொகையை நிறுவனங்கள் முன்கூட்டியே தனிக் கணக்கில் செலுத்த வேண்டும். அந்தத் தொகையைக் கணக்கிடும்போது, குழியில் தேங்கப்போகும் நீரின் அமிலத்தையும் சல்பேட்டையும் பல பத்தாண்டுகள் அளந்து சீர்செய்யும் செலவும் தனியாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று உறுதியாகக் கேட்கிறேன்.