தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சோறு

எங்கள் வீட்டில் அரிசியை விலைக்கு வாங்கிய வழக்கமே இல்லை. மயிலாடுதுறைக்குத் தெற்கே மாமனார் காலத்து நிலம் கொஞ்சம் இருக்கிறது. குறுவையை விற்றுவிடுவோம். சம்பாவில் வருஷச் சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்து, அவித்து, அரைத்துப் பின்கட்டில் அடுக்கிவிடுவோம். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் சோற்றைக் குறைக்கப்போகிறேன் என்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? "வெளஞ்ச வீட்ல இருந்துக்கிட்டு திங்க யோகம் இல்லாம போச்சேம்மா" என்றார் அத்தை. கோபமில்லை, நிஜமான வருத்தம்.

அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் தெரிந்த விஷயம் இது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 113. மூன்று மாதச் சராசரி என்கிறார்களே, அந்த ஹெச்பிஏ1சி 6.2. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் பார்டர்லைன், 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். "பார்டர்லைன்தான் மேடம், இனிப்பைக் குறைச்சுக்குங்க" என்று சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நான் இனிப்பே அதிகம் தொடுகிற ஆள் இல்லை. காபியில் அரை ஸ்பூன் போடுவேன், அவ்வளவுதான். பிறகு எதைக் குறைப்பது?

சமையலறைத் தராசில் என் மதியச் சாப்பாட்டை வைத்துப் பார்த்தேன். குழம்பு ஊற்றுவதற்கு முன் வெறும் சோறு மட்டும் 400 கிராம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 28 கிராம். ஆக ஒரு வேளைக்கு 110 கிராமுக்கு மேல். இது குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று தவணையாகப் போவதால் கண்ணுக்கே தெரிவதில்லை. பக்கத்தில் இருந்த பீன்ஸ் பொரியல் இரண்டு கரண்டி. நம் ஊர்ச் சாப்பாட்டில் குறை இனிப்பில் இல்லை, இந்த விகிதத்தில் இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குப் பட்டுவிட்டது.

பார்டர்லைன் என்றால் ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்த நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. தனியாக எந்த மாற்றமும் சொல்லித்தரப்படாத பிரிவில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்ட பிரிவில் 39 சதவீதம். முழுசாக நின்றுவிடவில்லை, ஆனால் சும்மா விடக்கூடிய வித்தியாசமும் இல்லை.

எங்கள் ஊர் டாக்டரம்மா சீட்டைப் பார்த்ததும் முதலில் சர்க்கரையைப் பற்றிப் பேசவே இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் எடுக்கச் சொன்னார். 9.8. இரும்புச்சத்துக் குறைவில் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாமாம். பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவுதானே. இரும்பு மாத்திரை சாப்பிட்டு முடித்துத் திரும்ப எடுத்தபோது 6.0. அப்போதும் பார்டர்லைன்தான், ஆனால் பயம் கொஞ்சம் இறங்கியது.

அதன்பிறகு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கினேன். எந்த டயட் அட்டவணையையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்ப்பேன். நாலு இட்லி, சாம்பார்: 168. ஒரு இட்லி, இரண்டு முட்டை ஆம்லெட், கெட்டிச் சட்னி: 121. மீட்டரில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்பதால் நாலைந்து புள்ளி வித்தியாசத்துக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஆனால் 168க்கும் 121க்கும் நடுவில் சந்தேகத்துக்கே இடமில்லை.

பெரிய அதிர்ச்சி கேழ்வரகுக் கஞ்சி. சர்க்கரைக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் ஊரே அனுப்புகிற கஞ்சி எனக்கு 174 காட்டியது. யோசித்தால் அதிசயம் ஒன்றுமில்லை. அரிசி 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம் என்றால், கேழ்வரகு மாவில் 70 பக்கம் வரும். அதையும் நைசாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் வயிற்றுக்கு என்ன வேலை இருக்கிறது? மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படித்தான். நார்ச்சத்து கூட, ருசி தனி, எனக்குப் பிடிக்கும். ஆனால் பாரம்பரிய அரிசி என்ற பெயருக்காக இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் மீட்டர் பாரம்பரியம் பார்ப்பதில்லை. சிறுதானியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவது எனக்கு உதவவில்லை, அவ்வளவுதான்.

"பேலியோவா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. அரிசியே தொடாமல் பாதாமும் பன்னீருமாக இருப்பது என்னால் ஆகாது. ஒரு நாளைக்கு 130 கிராம் மாவுச்சத்துக்குக் கீழே இருந்தாலே குறை மாவு உணவு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் அந்த எல்லையை ஒட்டித்தான் ஓடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சர்க்கரை நோய் பற்றி நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வின் ஆய்வுக்காரர்கள் இவ்வளவுகூடக் கேட்கவில்லை. நாம் சாப்பிடும் கலோரியில் மாவுச்சத்தின் பங்கை 50-56 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 20 பக்கம் ஏற்றினாலே பார்டர்லைன்காரர்களுக்கு நல்லது என்று 2022இல் எழுதினார்கள். அதுவே நம் தட்டுக்குப் பெரிய மாற்றம்தான்.

இப்போது மதியத் தட்டு இப்படி இருக்கும். முதலில் காய். வெண்டைக்காய், அவரைக்காய், புடலை, கொத்தவரை, வாழைத்தண்டு என்று அன்றைக்குச் சந்தையில் எது மலிவோ அது, ஒரு கிண்ணம் நிறைய. அடுத்து மீன் அல்லது முட்டை. தரங்கம்பாடியிலிருந்து வரும் மத்தியும் சங்கராவும் எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். மீனைக் குழம்போடு ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு அப்படியே சாப்பிடுவேன். கடைசியாக ஒரு கரண்டிச் சோறு, 100 கிராம். காய்கறியும் புரதமும் முன்னால் போய், மாவு பின்னால் போனால் ஏற்றம் குறைகிறது என்பதை மீட்டரிலும் பார்த்தேன். சைவ நாட்களில்தான் திண்டாட்டம். பருப்பிலும் சுண்டலிலும் புரதத்தோடு மாவும் கூடவே வரும். அன்றைக்குக் கெட்டித் தயிரும், பருப்பு உசிலியும், தேங்காய் போட்ட முருங்கைக்கீரையும் வைத்து ஓட்டுகிறேன். சாப்பிட்ட கையோடு மாடியில் பத்து நிமிஷம் நடை.

முதல் இரண்டு வாரம் மலச்சிக்கலும், ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பும் படுத்தின. தண்ணீரும் கீரையும் கூட்டியபிறகு சரியானது. வீட்டுக்கு இரண்டு சமையல் செய்யவில்லை என்பது முக்கியம். அதே குழம்பு, அதே பொரியல். காயை மட்டும் இரண்டு மடங்காக நறுக்க வேண்டும். அந்த வேலையை இவரிடம் தள்ளிவிட்டேன். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கொத்தவரங்காய் நறுக்குகிறார், நீளம் ஒன்றுபோல வராது.

நடுவில் டாக்டரம்மா 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சோதனைக்கு எழுதினார். அதற்கு முன் மூன்று நாள் சோறு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார், தினம் 150 கிராம் மாவுச்சத்தாவது வேண்டுமாம். மாவைக் குறைத்திருக்கும் உடம்பில் திடீரென்று குளுக்கோஸைக் கொட்டினால் இல்லாத சர்க்கரையைக் காட்டிவிடும் என்றார். அந்த மூன்று நாளும் அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அந்த டாக்டர் வெவரமானவ" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். இரண்டு மணி நேரக் கணக்கு 152 வந்தது. 140க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். 200ஐத் தொட்டால்தான் நோய்.

இன்றைய நிலவரம்: ஹெச்பிஏ1சி 5.8. எடை 71இலிருந்து 65. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் 104க்குக் கீழே இறங்க மறுக்கிறது. விடியற்காலையில் கல்லீரல் தானாகக் குளுக்கோஸ் விடுவதால் சிலருக்கு இது கடைசியில்தான் இறங்கும் என்கிறார் டாக்டரம்மா. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 118இலிருந்து 139 ஆனது. தேங்காய்ப்பால் குழம்பையும் நெய்யையும் குறைத்து, மத்தியையும் வேர்க்கடலையையும் கூட்டிப் பார்க்கிறேன். குறை மாவு உணவுக்காரர்கள் இந்தக் கொழுப்புக் கணக்கைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆடிப்பெருக்கன்று காப்பரிசியும் தேங்காய்ச் சாதமும் சாப்பிட்டேன். மீட்டரை எடுக்கவில்லை.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, முட்டையும் மீனும் அப்படி இல்லை. சம்பளக்காரியான எனக்கே மாதச் செலவு கூடியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பெருக்க வரும் அக்கா சோற்றைக் குறைத்தால் வயிற்றை எதைக் கொண்டு நிரப்புவார்? அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை, கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். "நீங்க செய்யறதயே நானும் செய்யட்டுமா மேடம்?" என்று போன வாரம் கேட்டார். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வரலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அப்படித்தான். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குப் புரதக் கணக்கே வேறு. அதனால் தட்டைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போவதாகச் சொன்னார்.