புழு சுரக்கும் மருந்து

குடல்புழு என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் இத்தனை பெரிய அந்நிய உயிரை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் ஏன் வருடக்கணக்கில் விட்டுவைக்கிறது? புழு சுரக்கும் மூலக்கூறுகள் அதைத் தணித்து வைப்பது ஒரு முக்கியக் காரணம். முடக்கு வாதம், க்ரோன்ஸ் (நாள்பட்ட குடல் அழற்சி) மாதிரி நோய்களில் நடப்பது நேரெதிர்: அடங்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குகிறது. அப்படியென்றால் புழுவின் இந்தத் தணிக்கும் வித்தை அந்த நோய்களுக்கு மருந்தாகுமா?

2007இல் அர்ஜென்டினாவில் வந்த ஒரு சிறிய ஆய்வில், புழுத்தொற்று இருந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எதிர்ப்புச் சக்தி மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) நோயாளிகளுக்கு நோய் மறுபடி தீவிரமாவது மிகவும் குறைந்திருந்தது. இன்னொரு பக்கம், பன்றிக் குடலில் வாழும் சாட்டைப்புழுவின் முட்டைகளையே க்ரோன்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய சோதனைகளில் அது பலிக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது, புழுவை விட்டுவிட்டு அதன் மூலக்கூறை மட்டும் எடுக்கும் வழிதான். எலிக்குடலில் வாழும் ஒரு புழுவின் புரதம், நம் உடல் அழற்சியைத் தணிக்கப் பயன்படுத்தும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தின் ஏற்பியிலேயே (செல்லில் அது வந்து ஒட்டும் இடத்திலேயே) போய் ஒட்டுகிறது. அமைப்பில் இரண்டுக்கும் ஒற்றுமையே இல்லை! வேறு சாவி, அதே பூட்டு. இஎஸ்-62 என்ற இன்னொரு புழுப் புரதம் எலிகளில் மூட்டு அழற்சியைக் குறைத்தது. அதுவோ பெரிய மூலக்கூறு, உடலே அதை எதிர்க்கக்கூடும். அதனால் அதைப் பின்பற்றி சின்ன மூலக்கூறுகளை ஆய்வகத்தில் செய்திருக்கிறார்கள். அவையும் எலிகளில் வேலை செய்தன.

தயவுசெய்து யாரும் இணையத்தில் புழு முட்டை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். குடல்புழுக்களில் ஒன்றான கொக்கிப்புழு ரத்தசோகையைக் கொண்டுவரும்.